மாரீஸ்வரி படம் போட்ட வெடி

போன வாரம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ள விருதுநகரில் ஒரு பல் டாக்டரிடம் போய் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பல் டாக்டர் வீட்டு வாசலில் காத்திருக்கிறவனுக்கு எதைக் கண்டாலும் எரிச்சல்தான் வரும். எனக்கு எதிர்ச் சுவரில் இருந்த டிவியைக் கண்டு வந்தது. சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்டிருந்தார்கள். எந்த நாடோ, பெரிய போட்டி. எட்டுப் பெண்கள் மேடைகளில் குனிந்து நின்றார்கள். பெண்களுக்கான தனிநபர் மெட்லி, இருநூறு மீட்டர் என்று கீழே எழுத்து ஓடியது. சிவப்பு விளக்கு மாறியதும் எட்டுப் பேரும் பாய்ந்து தண்ணீரைப் போட்டு அடிக்க ஆரம்பித்தார்கள்.

பக்கத்தில் ஒரு கன்னம் மட்டும் வீங்கிய வத்தல் கமிஷன் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்க முடியாத மனுஷன், ஆனாலும் கேட்டார்.

"தண்ணிய ஏன் இந்தப் போடு போடுதுக?"

"அது பட்டாம்பூச்சி நீச்சலு அண்ணாச்சி. அடுத்தது மல்லாக்க. அப்புறம் தவளை மாதிரி. கடைசி சுத்து அவுகவுக இஷ்டம்."

"அம்புட்டும் ஒரே ஆளா?"

"ஒரே ஆளுதான்."

"நீங்க நீச்சக்காரரோ?"

எனக்குக் கண்மாயில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் குலை நடுங்கும். இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்குள் மூன்றாவது நீளம் முடிந்து, பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சுவருக்கு வந்தார்கள். இரண்டு உள்ளங்கையும் ஒரே நேரத்தில் சுவரில் பட்டன. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது, இதை எழுதும்போதும் தெறிக்கிறது.

அந்த வாசலில் அடித்த கிராம்புத் தைல நெடி மூக்கில் ஏறினால் எனக்கு உடனே மண்ணெண்ணெய் ஞாபகம் வரும். ஏன் என்று கேட்காதீர்கள், என் மூக்கு அப்படிப் பழகிவிட்டது. சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் டிசைன் பிரிவில் நான் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு. மிஷினில் மை துடைக்க மண்ணெண்ணெய். கையில் மண்ணெண்ணெய், சட்டையில் மண்ணெண்ணெய், சாப்பாட்டிலும் அதுதான். என்னை ஆர்ட்டிஸ்ட் என்று கூப்பிடுவார்கள். நான் வரைந்த கிளியைப் பார்த்து முதலாளி, "காக்காய்க்கு ஏம்லே பச்சை அடிச்சிருக்க?" என்று கேட்டது வேறு கதை. அடிக்கவும் செய்வார். பின்மண்டையில் விழும் அடி, கோபம்கூட இருக்காது, கொசுவை அடிப்பதுபோல அடித்துவிட்டுப் போய்விடுவார். கட்டிங் மிஷினில் அந்த வருஷம் இரண்டு பேருக்கு விரல் போனது. அன்றைக்கும் லோடு நேரத்துக்குப் போனது. அந்த மாதிரி இடம்.

முதலாளிக்குப் பட்டாசுக் கம்பெனியும் உண்டு. அவருடைய ஒத்தை வெடிகளுக்கான லேபிளை நாங்கள்தான் அடிப்போம். வெடி ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு லேபிள் ஒட்டுவார்கள். அதில் புலி, ரோஜா, தொப்பி வைத்த குழந்தை, பெயர் சொல்லாத சினிமா நடிகை எது வேண்டுமானாலும் போடலாம். சாமி படம் மட்டும் கூடாது. அதில் முதலாளி கறாராக இருந்தார். "வெடிச்சுச் சிதறிக் கால்ல மிதிபடும்லே. அந்தப் பாவத்த நம்ம சுமக்கணுமா?" என்பார். வடக்கே இருந்து பெரிய ஆர்டர் வந்தும் அம்மன் படம் போட மாட்டேன் என்று திருப்பி அனுப்பியவர். சாமிக்கு அவ்வளவு யோசித்த நாங்கள் மனுஷிக்கு யோசிக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதியை அவசரமில்லாதவர்கள் படிக்கலாம்.

பிரஸ்ஸில் லேபிள்களைப் பிரித்து நூறு நூறாக அடுக்கும் வேலையில் செல்லத்தாயி என்று ஓர் அம்மா இருந்தார். சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். மகன் கருப்பசாமி, விருதுநகரில் மிளகாய் வத்தல் அடுக்கும் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். மகள் மாரீஸ்வரி. தங்கை இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கமலைக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கியவன் கருப்பசாமிதான். அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் நீச்சல் அப்படித்தான் வரும். இவளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டது. பள்ளிக்கூடம், மாவட்டம், மாநிலம் என்று போய்ச் சென்னையில் விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். லீவில் வரும்போது ஸ்டேஷனில் இறங்கினால், அவள் பையைக் கருப்பசாமிதான் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். வழியில் எதிர்ப்படுகிறவனையெல்லாம் நிறுத்தி, "தங்கச்சி, நாலு நீச்சலும் நீந்தும்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வான்.

அந்த வருஷம் அவளை வெளிநாட்டுப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். இதே போட்டி, பெண்கள் தனிநபர் மெட்லி. முதல் சுற்றைத் தாண்டி கடைசி எட்டுப் பேருக்குள் வந்துவிட்டால் சென்னையில் வேலை நிச்சயம் என்று சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுப்பது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். மாமனுக்கு அவளைவிடப் பதினேழு வயது கூடுதல், குடி வேறு. செல்லத்தாயி லேபிள் அடுக்கிக்கொண்டே இதைச் சாதாரணமாகச் சொல்வார். "நீந்திட்டா தப்பிச்சிரும். இல்லேன்னா என் தம்பிக்குத்தான்."

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நம்ம செல்லத்தாயி மக வெளிநாட்டுக்குப் போயி நீந்தப் போகுது. நம்ம அதுக்கு என்னலே செய்யப் போறோம்?"

அவரே பதிலும் சொன்னார்.

"நம்ம கையில இருக்கது வெடி. வெடியில போட்டுருவோம். இந்தியா பூரா அது மூஞ்சி போகட்டும்."

கை தட்டினோம். மனசாரத்தான் தட்டினோம். செல்லத்தாயி மறுநாள் இரண்டு போட்டோ கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றில் அவள் கழுத்தில் பதக்கத்தோடு, மெரூன் நிற டிராக் சூட்டில் நிற்கிறாள். இன்னொன்று நீச்சல் குளத்தில் எடுத்தது. நீல நீச்சல் உடையில் மேடை மேல் குனிந்து, பாயப் போகும் கணம். முதலாளி பதக்கப் படத்தைத் தட்டிக் காட்டி, "இதப் போடு" என்றார்.

நான் ஆர்ட்டிஸ்ட் அல்லவா. லேபிளின் பின்னணி சிவப்பு. சிவப்பில் மெரூன் டிராக் சூட் எடுக்காது, சேறாகிவிடும். நீலம் வைத்தால் பளிச்சென்று நிற்கும். நீலப் படத்தை வைத்துப் புரூஃப் எடுத்தேன். மிஷின் ஓட்டும் காதர் பாய் மட்டும் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மொதலாளி மத்ததத்தானலே சொன்னாக?"

"செவப்புல செவப்பு எடுக்காது பாய்."

"புள்ள உடம்பு தெரியுதுலே."

"நீச்சக்காரி பின்ன சேலையா கட்டிக்கிட்டு நீந்துவா?"

வாயடித்தேன். அவர் தாளைக் கீழே வைத்தார். முதலாளி புரூஃபைப் பார்த்து, "பளிச்சுனு இருக்கு" என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார். எந்தப் போட்டோவைச் சொன்னோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அடுத்த பத்து நாளும் செல்லத்தாயி மகளின் படத்தை நூறு நூறாக அடுக்கினார். அவருக்கு அது மகள், அவ்வளவுதான். உடை அவர் கண்ணில் படவேயில்லை.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில் கூட்டம் நெரியும். சீசனின் முதல் வெடியை மாரியம்மனுக்கு வெடிப்பது எங்கள் முதலாளியின் நேர்த்திக்கடன். அந்த வருஷம் புது வெடிப் பெட்டியை என் கையில் கொடுத்தார், டிசைன் செய்தவன் என்பதால். பட்டு வேட்டி கட்டி, ஆற்று மணலில் நின்று, கேட்டவனுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். கல்யாண வீட்டில் சந்தனம் கொடுப்பவன் மாதிரி ஒரு மிதப்பு. கிட்டங்கி ஆட்கள் நாலைந்து பேர் வந்து வாங்கிப் போனார்கள். அவர்களோடு மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு கருப்பசாமியும் வந்திருந்தான். கொஞ்சம் தள்ளித் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவனை அவர்களில் ஒருத்தன் கூப்பிட்டான்.

"ஏலே கருப்பா, இங்கன வா. உன் தங்கச்சி வந்திருக்கா."

சிரித்துக்கொண்டேதான் வந்தான். படம் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொல்லியிருந்தார். வெடியை வாங்கித் திருப்பிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. கூப்பிட்டவன் அதை அவன் கையிலிருந்து பிடுங்கி மணலில் நட்டுவைத்தான்.

"உன் தங்கச்சிக்குத் தீ வைக்கப் போறேன். பாத்துக்கோ."

திரி பற்றியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தபடியே பின்னால் நகர்ந்தார்கள். கருப்பசாமி முன்னால் பாய்ந்தான். எரிகிற வெடியை வலது கையால் அள்ளித் திரியைக் கிள்ளிப் பிய்க்கப் பார்த்தான். ஒத்தை வெடிக்குத் திரி சின்னது. கைக்குள்ளேயே வெடித்தது.

கொட்டுச் சத்தத்தில் பாதிப் பேருக்கு அது கேட்கவே இல்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. ரத்தம் முழங்கை வழியே இறங்கி மணலில் கொட்டியது. அவன் குத்தவைத்து உட்கார்ந்து இடது கையால் மணலைத் துழாவினான். விரலைத் தேடுகிறான் என்று நினைத்தோம். அவன் பொறுக்கியது காகிதத்தை. நீலமும் சிவப்புமாகக் கிழிந்து கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டான். நான் மீதி வெடிப் பெட்டியை மூடி வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நழுவினேன். நழுவுவதில் நான் கெட்டிக்காரன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கருப்பசாமி பிரஸ்ஸுக்கு வந்தான். வலது கையில் தலையணை அளவுக்குக் கட்டு. இடது கையில் மூட்டை தூக்கும் கொக்கி.

"யாரு எந் தங்கச்சி படத்தப் போட்டது?"

மிஷினை நிறுத்தினார்கள். பிரஸ்ஸில் மிஷின் நின்றால் காதில் ஒரு வலி வரும். முதலாளி மதுரைக்குப் போயிருந்தார், செல்லத்தாயி அன்று லீவு. நான் மேஜைக்குப் பின்னால் இருந்தேன். என் கையில் ஸ்கேல். தலையைக் குனிந்து தாளில் ஒரு கோடு போட்டேன். மறுபடியும் கேட்டான். காதர் பாய் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நாந்தாம்ப்பா. தெரியாமப் பண்ணிட்டேன். உக்காரு."

கொக்கி அவர் முன்னங்கையில் இறங்கியது. இழுத்தபோது சதை திறந்து வெள்ளையாகத் தெரிந்தது, பிறகுதான் ரத்தம் வந்தது. அடுக்கி வைத்திருந்த தாள்கள் மேலெல்லாம் தெறித்தது. அதன் பிறகு ஆட்கள் அத்தனை பேரும் கருப்பசாமி மேல் விழுந்தார்கள். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே அடி வாங்கினான். காதர் பாய் ரத்தம் ஒழுக நின்று, "விடுங்கலே, விடுங்கலே" என்றார். யார் விட்டார்கள்? சொல்வதற்கு நாக்கு கூசுகிறது, நானும் ஓடிப் போய் அவன் விலாவில் ஓர் உதை விட்டேன். அதுவரை மேஜைக்குப் பின்னால் இருந்தவன், எல்லாரும் மிதிக்கும்போது மட்டும் வீரனாகிவிட்டேன்.

அண்ணன் கைக்கு இப்படி ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டு மாரீஸ்வரி அன்று காலைதான் சென்னையிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். நாங்கள் மிதித்து அனுப்பியவன் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறான். கையில் கட்டோடு எப்படிச் சாப்பிடுவான் என்று சோற்றைப் பிசைந்து அவள் ஊட்டியிருக்கிறாள். இரண்டாவது வாயில், "அந்தத் துணியோட எதுக்கு நின்ன?" என்று கேட்டானாம். "எல்லாரும் அப்படித்தாண்ணே நிப்பாக" என்றாளாம். அடுப்படியில் கிடந்த விறகுக்கட்டையை இடது கையால் எடுத்து அவள் இடது தோளில் இரண்டு முறை இறக்கினான். தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கத்தான் அடித்தான் என்று நினைக்கிறேன். அடித்த பிறகு அவனே உட்கார்ந்து அழுதானாம். அழுது என்ன? தோள் வீங்கிவிட்டது. செல்லத்தாயி மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டார். சாயங்கால ரயிலுக்கே அவள் கிளம்பிவிட்டாள். பயிற்சியாளர் கேட்டால் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னாளாம். தெரிந்தால் போட்டிக்கு அனுப்ப மாட்டார்கள். இவ்வளவையும் செல்லத்தாயி மறுநாள் லேபிள் அடுக்கிக்கொண்டே எங்களிடம் சொன்னார். அவர் கையில் இருந்த லேபிளிலும் மாரீஸ்வரிதான் குனிந்து நின்றாள்.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் போட்டி. முதலாளி டிவியைக் கொண்டுவந்து மிஷின்களுக்கு நடுவில் வைத்தார். செல்லத்தாயிக்கு முன்வரிசையில் நாற்காலி. காதர் பாய் கைக்கட்டோடு தூண் பக்கம் நின்றார். முதல் சுற்றில் அவள் பிரிவில் எட்டுப் பேர். நம்ம ஊர்ப் பிள்ளை ஆறாவது தடத்தில், நீல உடையில். அவள் பெயரைத் திரையில் பார்த்ததும் பிரஸ் அதிர்ந்தது.

பட்டாம்பூச்சி நீச்சலுக்கு இரண்டு கையையும் ஒருசேரத் தூக்கிச் சுழற்ற வேண்டும். தோள் நல்லபடியாக இருக்கிறவர்களுக்கே உயிர் போகும். அவள் தண்ணீரை அடித்த அடியைப் பார்த்து, யாரையோ அடிக்கிறாள் என்று தோன்றியது. சுவரைத் தொட்டபோது ஐந்தாவது. மல்லாக்கத் திரும்பினாள். உதடு விலகி, அவள் பற்களைக் கடித்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. நான்காவது. தவளை நீச்சல் அவளுக்குக் கிணற்றிலேயே படிந்தது. ஒருத்தியைத் தாண்டினாள். மூன்றாவதாகச் சுவருக்குப் போனாள். நாங்கள் கத்தியதில் வெளியே லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். கடைசி நீளத்தில் யாரும் அவளைப் பிடிக்கவில்லை. மூன்றாவதாகவே முடித்தாள். முதலாளி என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார்.

பட்டியல் வந்தது. அவள் பெயருக்கு நேரே நேரம் இல்லை. ஏதோ மூன்று இங்கிலீஷ் எழுத்து இருந்தது. டிவிக்காரன் தப்பு என்றான் ஒருத்தன். டிவியைத் தட்டினான் ஒருத்தன். செல்லத்தாயி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மூணாவது தடவ செவுத்துல வலது கைதான் பட்டுச்சு. இடது கை எந்திரிக்கல. நான் பாத்தேன்."

அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போய் லேபிள் முன்னால் உட்கார்ந்துகொண்டார். இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், தொடாவிட்டால் நீந்தியது செல்லாது என்ற விதியை விருதுநகர் பள்ளி ஒன்றின் டிரில் மாஸ்டரிடம் கேட்டுப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். பெற்றவளுக்கு விதி தெரியாமலேயே தெரிந்தது.

தீபாவளிக்கு அந்த வெடி பிய்த்துக்கொண்டு போனது. நல்ல சத்தம், நல்ல பளிச். தெருவெல்லாம் அவள் துண்டு துண்டாகக் கிடந்தாள். செல்லத்தாயி மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. தை மாசம் மாரீஸ்வரிக்கும் மாமனுக்கும் கல்யாணம். பத்திரிகை எங்கள் பிரஸ்ஸில்தான் அடித்தோம். கருப்பசாமி தாலி எடுத்துக் கொடுத்தான், மூன்று விரலால்.

அதற்கு ஆறு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அவள் பிரஸ்ஸுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு, புதிது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று நான் கேட்காமலேயே சொன்னாள்.

"அந்த லேபிள் ஒண்ணு கிடைக்குமாண்ணே?"

"அது எதுக்கும்மா இப்ப?"

"தண்ணியில குதிக்கப் போற மாதிரி எங்கிட்ட வேற போட்டோ இல்லண்ணே. இருந்ததெல்லாம் அவுக அடுப்புல போட்டுட்டாக. எம் மக கேக்குறா, நீ நெசமாவே நீந்தினியாம்மான்னு."

தேடினேன். தேடுகிற மாதிரி நடிக்கவில்லை, நிஜமாகவே தேடினேன். பிளேட்டுகளை அலுமினிய எடைக்குப் போட்டாயிற்று. பிலிம் போய்விட்டது. கம்ப்யூட்டரை அந்த வருஷம்தான் மாற்றியிருந்தார்கள். கம்பெனிக் கிட்டங்கியில் ஒரு பழைய வெடிகூட மிச்சமில்லை. அடித்த அத்தனையும் வெடித்திருந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்து நின்றேன். அவளுக்குப் பெரிய ஏமாற்றமில்லை, அது பழகியிருந்தது போல.

"சரி விடுங்கண்ணே. நல்லா இருந்துச்சு அந்தப் படம். அந்தச் செவப்புல நான் பளிச்சுனு இருந்தேன். யாரு போட்டது?"

காதர் பாய் மிஷின் பக்கமிருந்து என்னைப் பார்த்தார். அவர் முன்னங்கையில் தையல் போட்ட இடம் கயிறு போல மேடிட்டிருந்தது.

"தெரியலம்மா. மெட்ராசுலருந்து வந்த டிசைன்" என்றேன்.

"போட்டவுகளப் பாத்தாச் சொல்லுங்க. நான் கோவப்படலன்னு சொல்லுங்க."

"சொல்றேம்மா."

இப்போது அந்தப் பிரஸ் இல்லை, இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். வெடிகளில் மனுஷ முகமே போடுவதில்லை, எல்லாம் கார்ட்டூன் பொம்மை. கிணற்றைத் தூர்த்துப் பிளாட் போட்டாயிற்று. செல்லத்தாயி இல்லை. கருப்பசாமி திருப்பூர்ப் பக்கம் போனவன் என்ன ஆனான் என்று தெரியாது. காதர் பாய் போன ரம்ஜானுக்கு முந்தின வாரம் தவறிப் போனார். முதலாளி சொன்ன படத்தை நான் மாற்றியதைக் கடைசி வரைக்கும் அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. படத்தை மாற்றியது யார் என்று தெரிந்த ஆள் இனி நான் ஒருத்தன்தான். மாரீஸ்வரி சாத்தூரில் இருக்கிறாள், தையல் கடை வைத்திருக்கிறாள், வீடும் எனக்குத் தெரியும். விருதுநகரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.